வித்தியாசாலை கண்ட நாவலர் பெருமான்

ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்களைத் தமிழ் உரைநடையின் தந்தை என்று போற்றுவோர் பலர். சைவங் காத்த காவலர் என்று வணங்குவோரும் பலர். பழைய ஏடுகளைப் பிழையற அச்சிட்டுத் தந்த பதிப்பாசிரியர் என்று பாராட்டும் புலவர்களும் உளர். ஆயினும், ஒரு பாடசாலைக்கு இடந் தேடி, நூல் தேடி, ஆசிரியர் தேடி, பொருள் தேடி, அதனை நிலைபெற நிறுத்தும் அருந்தொழிலை நம்மவர்க்கு முன்னின்று செய்து காட்டியவரும் அவரே என்பதை நினைந்து பார்ப்போர் சிலரே. கல்லூரி விழாக் கொண்டாடும் இவ்வேளையில், பழைய மாணவரும் இன்றைய மாணவரும் ஆசிரியரும் ஒருங்கே படிக்கும் இம்மலரில், நாவலர் பெருமானுடைய வரலாற்றில் இந்த ஒரு பகுதியை மட்டும் எடுத்துக் கூறுதல் பொருத்தமாகும் என எண்ணி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

இளமையும் கல்வியும்

நாவலரவர்கள் 1822 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 18 ஆந் திகதி நல்லூரிலே கந்தர் என்பவருக்கும் சிவகாமி அம்மையாருக்கும் இளைய புதல்வராகத் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் ஆறுமுகம் என்பது. இளமையிலேயே தந்தையாரை இழந்தார். தொடக்கக் கல்வியை ஊரிலே முடித்தபின், இருபாலைச் சேனாதிராய முதலியாரிடத்தும் சரவணமுத்துப் புலவரிடத்தும் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். ஆங்கிலங் கற்கும்பொருட்டு, யாழ்ப்பாணத்திலே வெசிலியன் மிசனார் நடத்திய ஆங்கிலப் பாடசாலையிற் சேர்ந்தார். அப்பாடசாலையே பின்னர் மத்திய கல்லூரி எனப் பெயர் பெற்றது. அதன் தலைவராயிருந்த பேர்சிவல் பாதிரியார் இவ்விளைஞரின் திறமையைக் கண்டு இவரை அங்கேயே ஆசிரியராக்கினார். விவிலிய நூலைத் தமிழிற் பெயர்க்கும் பணியிலும் இவரைத் துணையாகக் கொண்டார்.

இவ்வாறு பிற சமயத்தார் பாடசாலையிலே மாணாக்கராகவும் ஆசிரியராகவும் கழித்த ஆண்டுகள் வீணாயின அல்ல. ஆங்கிலப் புலமை அவருக்கு அங்கே கிடைத்தது. அதனினும் பெரிய பயனொன்றும் கிடைத்தது என்பது எமது துணிபு. ஒரு பாடசாலை எவ்வாறு ஒழுங்குபட நடைபெறுகின்றது என்பதை அவர் உள்ளேயிருந்து கண்டார். அக்காட்சியின் விளைவை அவர் பின்னாட் செய்த காரியங்கள் யாவற்றிலும் காணலாம்.

இருவகைப் பள்ளிகள்

அக்காலத்து யாழ்ப்பாணத்திலே இருவகைப் பள்ளிகள் இருந்தன. ஒன்று நம் முன்னோர் வழிவந்த திண்ணைப் பள்ளிக்கூடம். ஒரு வீட்டின் திண்ணையோ, கோயில் மடமோ, கிடுகு வேய்ந்த கொட்டிலோ அதற்கு இடமாகும். பிள்ளைகள் மணலிலே விரலால் எழுதி எழுத்தறிவர். பின்பு ஓலையிலே எழுத்தாணி கொண்டு எழுதப் பழகுவர். சட்டம்பியார் ஒருவரே பிள்ளைகள் எல்லாருக்கும் ஆசிரியர். ஒருவன் அரிச்சுவடி படிப்பான். ஒருவன் ஆத்திசூடி படிப்பான். வேறொருவன் நிகண்டு மனனஞ் செய்வான். ஒவ்வொருவனுக்கும் ஏடு வேறு, பாடம் வேறு. ஏடில்லாதவன் பிறன் ஏட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளல் வேண்டும். எழுதும்போது பிழை புகுந்தால் அப்பிழையே அவனுக்குப் பாடமாகும்.

அப்பள்ளியை நாம் இகழ்தல் தகாது. ஆழ்ந்த புலவர்களை அது நமக்குத் தந்தது; நாவலரையும் தந்தது. ஆயினும் அதற்கு இரு குறைகள் இருந்தன. ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு ஒரே காலத்திற் கல்வியூட்ட அதனால் இயலாது என்பது ஒன்று. சட்டம்பியார் நோயுற்றாலும் மறைந்தாலும் பள்ளியும் அவரோடு முடிந்துவிடும் என்பது மற்றொன்று. மனிதர் ஒருவரையே தூணாகக் கொண்ட வீடு அது.

மற்றையது பாதிரிமார் நடத்திய பாடசாலை. அமெரிக்க மிசனார் 1823 இல் வட்டுக்கோட்டையிலே செமினரியையும், 1824 இல் உடுவிலிலே பெண்கள் பாடசாலையையும் நிறுவினர். 1834 முதல் மானிப்பாயிலே அவர்களுடைய அச்சியந்திரசாலை இயங்கியது. கட்டடம், விடுதி, நூல், சம்பளம் பெறும் ஆசிரியர், கடல்கடந்து வரும் பணம் ஆகிய எல்லாம் அவர்களிடம் இருந்தன. பிள்ளைகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்தனர். மணி பார்த்துப் பாடங் கற்பித்தனர். இடாப்பிலே வரவு குறித்தனர். பரீட்சை வைத்துப் பிள்ளைகளை அடுத்த வகுப்புக்கு ஏற்றினர். உத்தியோகத்துக்கு வேண்டிய கல்வி அங்கேதான் கிடைத்தது. ஆதலாற் சைவப் பிள்ளைகளும் அங்கே சென்றனர். சென்றவருட் சிலர் தம் சமயத்தை விட்டனர்.

இந்நிலையைக் கண்டு மனம் நொந்தவர் பலர். பாதிரிமாரை ஏசுவதோடு அமைந்தவரும் பலர். நாவலர் அவ்வாறு அமைந்தாரல்லர். சமயப்பற்று ஒன்றாலேயே அவர்கள் வென்றாரல்லர், ஒழுங்கினாலும் ஏற்பாட்டினாலும் வென்றார்கள் என்பதை அவர் உணர்ந்தார். எனவே, அவ்வொழுங்கை எடுத்து அதனுள்ளே சைவத்தையும் தமிழையும் வைக்கத் துணிந்தார். இத்துணிவே நாவலருடைய கல்விப் பணி முழுவதற்கும் வேர்.

வண்ணார்பண்ணை வித்தியாசாலை

1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் திகதி, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே நாவலர் தமது சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அதன்பின் வெள்ளிதோறும் அப்பிரசங்கம் நிகழ்ந்தது. நண்பர் கார்த்திகேய ஐயரும் அவரோடு மாறி மாறிப் பேசிவந்தார். சொற்பொழிவு மக்களை எழுப்பியது. ஆயினும், வெள்ளிக்கிழமை கேட்டதைச் சனிக்கிழமை மறக்கும் மனிதர் இயல்பை நாவலர் அறிவார். எழுந்தவர் மீண்டும் உறங்காமல் இருக்கவேண்டுமாயின் அவர்தம் பிள்ளைகளுக்கு நாள்தோறுங் கற்பிக்கும் ஓரிடம் வேண்டும். ஆதலால் 1848 ஆம் ஆண்டு அதே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தோற்றுவித்தார். அவ்வாண்டிலேயே பேர்சிவல் பாதிரியாருடைய பாடசாலையில் வகித்த பதவியையும் துறந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு நிரம்பவில்லை.

வண்ணார்பண்ணை கடைத்தெருவும் வணிகர் இல்லங்களும் நிறைந்த இடம். பெருங்கோயில் அங்கேயிருந்தது. பட்டினத்துப் பாடசாலைகளும் தொலைவில் இல்லை. பிள்ளைகள் வந்து போதற்கு வசதியும், பொருளுதவி செய்யத் தக்கார் துணையும், கோயிலின் அணிமையும் ஒருங்கே வாய்த்த அவ்விடம் ஒரு சைவப் பாடசாலைக்கு மிகவும் ஏற்றது. இடந்தேர்தல் பாடசாலை நிருவாகத்தின் முதற்படி என்பதை இன்று நாம் விரித்துப் பேசுகின்றோம். நாவலர் அதனைச் செய்தே காட்டிவிட்டார்.

அவ்வித்தியாசாலையிலே பிள்ளைகள் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டனர். படிப்படியாக ஏறிச்செல்லும் பாடத்திட்டம் வகுக்கப்பட்டது. தமிழும் கணக்கும் சமயமும் ஒழுங்காகக் கற்பிக்கப்பட்டன. நாவலர் தாமும் வேதனம் பெறாது, தம்மிடங் கற்ற மாணாக்கரையும் அவ்வாறே வேதனம் வேண்டாது கற்பிக்கும்படி பழக்கினார். அவ்வாறு கற்பிக்க வந்தோர், கற்பிக்கும் முறையையும் நாவலரிடமே கற்றவர்கள். வித்தியாசாலை பிள்ளைகளுக்குப் பள்ளியாக இருந்ததுபோலவே ஆசிரியர்களுக்கும் பயிற்சிக் களமாக இருந்தது.

அச்சியந்திரசாலை

வகுப்புப் பிரித்தால் மட்டும் போதுமோ? இருபது பிள்ளைகளுக்கு ஒரே வேளையில் ஒரே பாடத்தைக் கற்பிக்கவேண்டுமாயின், இருபது பிள்ளைகளின் கையிலும் ஒரே நூல் இருத்தல் வேண்டும்; ஆசிரியர் கூறும் பக்கமும் வரியும் ஒன்றாயிருத்தல் வேண்டும். ஏட்டுச் சுவடியால் இஃது ஆகாது. அச்சு நூலாலேயே ஆகும். அந்நாளில் யாழ்ப்பாணத்திலே அச்சுத்தொழில் பாதிரிமார் கையில் இருந்தது. அங்கிருந்து வெளிவந்த பள்ளி நூல்களிலோ அவர்களுடைய சமயமே விரவியிருந்தது.

ஆகவே, வித்தியாசாலை தொடங்கிய மறுவருடமாகிய 1849 இல், தம் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையோடு நாவலர் கடல்கடந்து சென்னைக்குச் சென்றார். சென்ற நோக்கம் அச்சியந்திரம் வாங்குதல். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்திலே சைவப் பிரசங்கஞ் செய்து, ஆதீனத்தாரால் நாவலர் என்னும் பட்டம் அளிக்கப்பெற்றார். நாவன்மையைக் குறிக்கும் அப்பட்டம், பள்ளிப் பிள்ளைகளுக்கு அச்சியந்திரம் வாங்கச் சென்ற வழியிலே கிடைத்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

வாங்கிவந்த யந்திரத்தை வண்ணார்பண்ணையிலே நிறுவி, அதற்கு வித்தியாநுபாலன யந்திரசாலை எனப் பெயரிட்டார். கல்வியைப் பேணிக் காக்கும் யந்திரசாலை என்பது அதன் பொருள். அங்கிருந்து பாலபாடங்கள் வெளிவந்தன. ஆத்திசூடி, கொன்றைவேந்தன் உரைகள் வெளிவந்தன. சைவ நூல்களும் இலக்கண நூல்களும் வெளிவந்தன. பெரியபுராணத்தை எல்லாரும் படித்துணரும் வசனமாக எழுதி 1852 இல் வெளியிட்டார். பாலபாடங்களிலே சிறு வாக்கியங்களும் எளிய நடையும் முன்னே நிற்கும். அரிய பொருளும் நீண்ட வசனமும் பின்னே வரும். சொற்களைப் பிரித்து அச்சிட்டும், முற்றுப்புள்ளி முதலிய குறிகளை இட்டும், படிக்கும் பிள்ளையின் கண்ணுக்கு அவர் வழி செய்தார். தமிழ் உரைநடையின் தந்தை என நாம் இன்று கொண்டாடுவது, தம் வித்தியாசாலைப் பிள்ளைக்குப் படிக்க ஒரு நல்ல நூல் வேண்டுமென்று உழைத்த ஆசிரியரையே ஆகும்.

அச்சியந்திரசாலையினால் வேறொரு பயனும் விளைந்தது. நூல் விற்று வரும் பணம் தருமத்துக்குத் துணையாயிற்று. ஒருவர் கொடையையே எதிர்பார்த்திருக்கும் நிலை அதனால் ஓரளவு குறைந்தது. வித்தியாசாலை நூலை வேண்டியது. நூல் வித்தியாசாலையைத் தாங்கியது. இவ்வாறு ஒன்றையொன்று தாங்கும்படி இரண்டையும் அமைத்த அறிவு வியக்கத்தக்கது.

சிதம்பரம்

யாழ்ப்பாணத்தில் நட்ட பயிர் வேரூன்றியதும், நாவலருடைய நாட்டம் தமிழகத்தின் பக்கஞ் சென்றது. சைவத்தின் தலைமைத் தலமாகிய சிதம்பரத்திலே ஒரு வித்தியாசாலை வேண்டும் என்று கருதினார். 1860 இல் அதுபற்றிய விக்கியாபனத்தை வெளியிட்டுத் தம் எண்ணத்தைச் சைவ மக்களுக்கு அறிவித்தார். சென்னைத் தங்கசாலைத் தெருவிலும் அச்சியந்திரசாலை அமைத்தார். திருக்கோவையார் உரை 1860 இலும், திருக்குறள் பரிமேலழகருரை 1861 இலும் அவர் பதிப்பாக வெளிவந்தன. 1864 இல் சிதம்பரத்திலே சைவப்பிரகாச வித்தியாசாலை நிறுவப்பெற்றது.

முன்னே எண்ணம், பின்னே அறிவிப்பு, அதன்பின் பொருள் திரட்டல், இறுதியிலே திறப்பு என்னும் இம்முறையை நோக்குக. எண்ணத்துக்கும் திறப்புக்கும் இடையே நான்காண்டுகள் கழிந்தன. அவசரப்பட்டுக் கொட்டிலொன்றைத் திறந்து, மறுவருடம் மூடும் வழக்கம் அவரிடம் இல்லை. கோப்பாயைச் சேர்ந்த சபாபதி நாவலர் பின்னர் அவ்வித்தியாசாலைக்குத் தலைமையாசிரியராக நியமிக்கப்பட்டார். தக்க ஆசிரியர் கிடைப்பாராயின், அவரைக் கடல்கடந்தும் கொண்டுவருதல் வேண்டும் என்பது நாவலர் கொள்கை.

தாம் மறைந்த பின்னும் தருமம் குலையாதிருக்க, அதனைத் தருமபரிபாலகர் கையில் விடும் முறையையும் அவர் வகுத்தார். சிதம்பர சைவப்பிரகாச வித்தியாசாலைத் தருமபரிபாலகர் என்னும் பெயர், அவ்வச்சகத்து நூல்களின் முகப்பிலே தலைமுறை தலைமுறையாகப் பொறிக்கப்பட்டு வந்ததை நம் வீட்டுப் பழைய நூல்களிலே காணலாம். அவ்வித்தியாசாலை இன்றும் நாவலர் பெயர் தாங்கிச் சிதம்பரத்தில் இயங்கிவருகின்றது. ஒருவருடைய உயிரோடு முடிந்துவிடும் திண்ணைப் பள்ளிக்கும், ஒருவருக்குப் பின் ஒருவராகப் பேணும் தருமத்துக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஆங்கில வித்தியாசாலை

1870 இல் நாவலர் யாழ்ப்பாணத்துக்கு மீண்டார். அவ்வாண்டிலேயே கோப்பாயில் ஒரு வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆயினும் அவர் உள்ளத்தை வருத்திய குறை வேறொன்று. தமிழ்க் கல்விக்குச் சைவர் கையிலே பாடசாலை உண்டு. ஆங்கிலக் கல்விக்கு இல்லை. அரசாங்க உத்தியோகமோ ஆங்கிலத்தை வேண்டி நின்றது. எனவே தமிழை வண்ணார்பண்ணையிலே கற்ற பிள்ளையும், ஆங்கிலத்துக்காக மீண்டும் பாதிரிமார் வாயிலிலே நிற்கவேண்டியதாயிற்று.

இக்குறையை நீக்க 1872 இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையை அவர் தொடங்கினார். ஆங்கிலம் கற்பிக்க வல்ல ஆசிரியரைச் சம்பளமின்றிப் பெறுதல் அரிது. ஆங்கில நூல்களோ விலை மிக்கன. தமிழ் வித்தியாசாலைக்குத் தம் மாணாக்கரையே ஆசிரியராக்கி, தம் அச்சகத்து நூல்களையே பாடநூலாக்கி நடத்தியதுபோல் இதனை நடத்த இயலாது. மாதந்தோறும் தவறாது வரும் பணம் வேண்டும். அயலிலிருந்த மிசன் பாடசாலைகளுக்கு அத்தகைய வருவாய் இருந்தது. அரசாங்க உதவியும் அவற்றுக்கு நெடுங்காலமாகக் கிடைத்துவந்தது. சைவர் பாடசாலைகளோ அவ்வுதவிக்கு நெடுநாட் காத்திருக்கவேண்டியிருந்தது.

செல்வர் பலர் அக்காலத்து யாழ்ப்பாணத்தில் இருந்தனர். கோயில் திருவிழாவுக்கும், வீட்டு விழாவுக்கும், நீதிமன்ற வழக்குக்கும் பணம் செலவாயிற்று. ஆங்கில வித்தியாசாலைக்கு வேண்டிய பணம் வரவில்லை. நான்கு ஆண்டுகள் நடந்தபின், பொருள் முட்டுப்பாட்டினால் 1876 இல் அது மூடப்பட்டது.

நாவலருடைய முயற்சிகளுள்ளே தோல்வி என்று கூறத்தக்கது இஃதொன்றே என்பர். நாவலர் தோற்றார் என நாம் கூறமாட்டோம். இடம் இருந்தது, திட்டம் இருந்தது, தலைவர் இருந்தார், படிக்கப் பிள்ளைகளும் இருந்தனர். இல்லாதது ஊராருடைய நிலையான துணை ஒன்றே. தோற்றது சமுதாயம். ஒரு பாடசாலையைத் தொடங்குவதற்கு ஒருவருடைய ஊக்கம் போதும். அதனை நடத்துவதற்குப் பலருடைய ஒழுங்கான கொடை வேண்டும் என்னும் பாடத்தை நம் முன்னோர் அந்த 1876 ஆம் ஆண்டிலே பெருவிலை கொடுத்துக் கற்றனர்.

அடுத்த ஆண்டிலே பஞ்சமும் நோயும் யாழ்ப்பாணத்தை வருத்தின. நாவலர் கஞ்சித்தொட்டி அமைத்து ஏழைகளின் பசி தீர்த்தார். அதிகாரிகள் தம் கடமையிற் பிழைத்தபோது அஞ்சாது கண்டித்து எழுதினார். 1879 இல், சட்ட நிரூபண சபைக்குத் தமிழர் பிரதிநிதியாகப் பொன்னம்பலம் இராமநாதன் தெரிவுசெய்யப்படவேண்டுமென்று முன்னின்று உழைத்தார். அவ்வாண்டு டிசெம்பர் மாதம் 5 ஆந் திகதி, கார்த்திகை மக நாளிலே, சிவபதம் எய்தினார். அவர் இல்லறம் ஏற்கவில்லை. தமக்கென்று பொருள் தேடவுமில்லை. வித்தியாசாலைகளும் அச்சியந்திரசாலைகளும் நூல்களுமே அவர் விட்டுச்சென்ற செல்வம். சதாசிவப்பிள்ளை அவற்றைப் பொறுப்பேற்று நடத்தினார்.

விதைத்ததும் விளைந்ததும்

மூடப்பட்ட வித்தியாசாலையின் நினைவு மூடப்படவில்லை. 1888 இல் யாழ்ப்பாணத்துச் சைவப் பெரியோர் சைவபரிபாலன சபையைக் கூட்டினர். 1890 இல் அச்சபையார் பொறுப்பிலே வண்ணார்பண்ணையில் இந்துக் கல்லூரி உருவாயிற்று. நாவலர் தனியொருவராக நின்று செய்ய முயன்றதை, இப்போது ஒரு சபை செய்தது. தலைவர் மாறினும் சபை நிற்கும். ஒருவர் கைசோர்ந்தால் மற்றவர் தாங்குவர். சைவாங்கில வித்தியாசாலைக்கு இல்லாதிருந்த தூண் அதுவே. கொக்குவிலிலும் மானிப்பாயிலும் பிறவூர்களிலும் இந்துக் கல்லூரிகள் எழுந்தன. 1923 இல் சைவ வித்தியா விருத்திச் சங்கம் தோன்றி, ஊர்தோறும் பாடசாலைகளை முகாமை செய்தது.

நாவலர் ஆதரித்து நின்ற இராமநாதன் அவர்களே 1913 இல் மருதனார்மடத்திலே பெண்களுக்கு ஒரு கல்லூரியையும், 1921 இல் திருநெல்வேலியிலே பரமேசுவரக் கல்லூரியையும் நிறுவினார். பரமேசுவரக் கல்லூரிக் கட்டடங்களே 1974 இல் யாழ்ப்பாணத்திற் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியபோது அதற்கு இருப்பிடமாயின. நன்றாகக் கட்டிய கட்டடம், கட்டியவர் நினையாத நன்மைகளுக்கும் இடங்கொடுக்கும் என்பதற்கு இது சான்று.

உண்மை கூறுமிடத்து ஒன்றை மறைத்தலாகாது. சாதி வரம்பை நாவலர் கடந்தாரல்லர். தம் எழுத்திலே அதனைப் போற்றினார். அவருடைய வித்தியாசாலைகள் ஊரிலுள்ள எல்லார் பிள்ளைகளையும் நோக்கி எழுந்தன அல்ல. அவ்வாயிலை அகலத் திறக்கும் பணி பின்வந்தோர்க்கு எஞ்சியிருந்தது. அது விரைவாகவும் நடந்ததன்று. அவர் கட்டிய அடித்தளத்தைப் போற்றும் நாம், அவர் கட்டாது விட்ட பகுதியையும் அறிந்திருத்தல் வேண்டும். பெரியோரை வணங்குதல் என்பது அவர்கள் நின்ற இடத்திலேயே நாமும் நின்றுவிடுதல் அன்று.

நாம் கொள்ளும் பாடம்

1945 இல் இலவசக் கல்வி வந்தது. 1960, 1961 ஆம் ஆண்டுகளிலே உதவி நன்கொடை பெற்ற பாடசாலைகளுட் பெரும்பாலன அரசாங்கத்தின் கைக்கு மாறின. ஆசிரியர் சம்பளத்துக்காகப் பணந் திரட்டும் கவலை அதனால் நீங்கிற்று. அத்துடன், இஃது எங்கள் பாடசாலை, இதன் கூரை ஒழுகினால் நாங்களே பார்க்கவேண்டும் என்னும் எண்ணமும் சிறிது தளர்ந்துவிட்டதோ என ஐயுறுகின்றோம். 1990 களிலே போரினால் இடம்பெயர்ந்த நம் பாடசாலைகள் பிறர் கட்டடங்களிலும் கொட்டில்களிலும் மரநிழலிலும் நடைபெற்றன. கட்டடத்தை இழந்தும் அவை பாடசாலைகளாகவே இருந்தன. ஆசிரியரும் ஒழுங்கும் அவற்றோடு இடம்பெயர்ந்தமையே அதற்குக் காரணம். கட்டடம் பாடசாலையின் உடம்பு. ஒழுங்கும் ஆசிரியரும் நூலுமே அதன் உயிர். உடம்பு நலமாயிருந்தால் உயிர் நன்கு தொழிற்படும். உயிரற்ற உடம்புக்கு அலங்காரம் எதற்கு?

இவ்வுண்மையை நாவலர் வாழ்க்கை நமக்கு வரிசைப்படுத்திக் காட்டுகின்றது. அவர் முதலிற் பிள்ளைக்கு என்ன வேண்டும் என்று கண்டார். அதற்கேற்ற ஒழுங்கை வகுத்தார். அவ்வொழுங்குக்கு வேண்டிய கருவியைக் கடல்கடந்து சென்று கொண்டுவந்தார். அக்கருவியைக் கையாளும் ஆசிரியரைப் பயிற்றினார். யாவும் நிலைத்து நிற்கத் தருமம் ஏற்படுத்தினார். இவ்வரிசை மாறும்போதுதான் பணம் வீணாகின்றது. பயன்படுத்தத் தெரிந்தவர் இல்லாத ஆய்வுகூடமும், பூட்டிய அலுமாரிக்குள்ளே இருக்கும் நூல்நிலையமும், தண்ணீரில்லாத மலசலகூடமும் கல்வியை ஓர் அங்குலமேனும் உயர்த்தா.

பழைய மாணவர் விழாக்காலங்களிலே தம் கல்லூரிக்குக் கட்டடம் கட்டித்தர விரும்புதல் இயல்பே, மிகவும் நன்றே. பெயர் பொறித்த கல்லொன்று சுவரிலே நிற்கும். ஆனால், ஆண்டுதோறும் கூரை ஓட்டை மாற்றுதற்கும், கிணற்றை இறைத்துத் துப்புரவாக்குதற்கும், உடைந்த வாங்குகளையும் மேசைகளையும் திருத்துதற்கும், நூல்நிலையத்துக்குப் புது நூல் வாங்குதற்கும், ஆய்வுகூடத்திலே தீர்ந்துபோன மருந்துகளை நிரப்புதற்கும் தரும் பணத்துக்குக் கல்வெட்டு இல்லை. அப்பணத்தைத் தருபவர் பெயரை எவரும் அறியார். சைவாங்கில வித்தியாசாலையை 1876 இலே காப்பாற்றியிருக்கக் கூடியது அத்தகைய பெயரறியாப் பணமே. கட்டடம் எழுப்புவோர் எழுப்புக. அதனோடு, ஆண்டுதோறும் வட்டி தரத்தக்க ஒரு பராமரிப்பு நிதியையும் பழைய மாணவர் சங்கங்கள் தொடங்குமாயின், கணக்கை ஆண்டுக்கொருமுறை யாவரும் அறிய வெளியிடுமாயின், நாவலர் வழியிலே நடந்தவர்களாவோம்.

மாணவ இளைஞர்க்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அமரும் வாங்கும், எழுதும் மேசையும், படிக்கும் நூலும் தாமாக வந்தன அல்ல. இந்நாட்டிலே பள்ளிப் பிள்ளையின் கையில் ஒரு தமிழ்ப் புத்தகம் இருத்தல் வேண்டுமென்று, ஓர் இளைஞர் உத்தியோகத்தைத் துறந்து கடல்கடந்து சென்று யந்திரம் சுமந்து வந்தார். அவற்றைக் கீறாமலும் கிழிக்காமலும் பேணி, உங்களுக்குப் பின் வரும் பிள்ளைக்குக் கையளித்தல் உங்கள் கடன். பாடசாலைப் பராமரிப்பு என்னும் பெருங்காரியம் அதிபரிடத்தோ சங்கத்திடத்தோ தொடங்குவதன்று. ஒரு நூலைக் கவனமாக விரிக்கும் பிள்ளையின் விரல்களிலே தொடங்குவது.

நாவலர் பெருமான் திருநாமம் வாழ்க! அவர் காட்டிய நெறியிலே நம் கல்லூரி நீடு வளர்க!